சாதாழையைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் இருக்கிறீங்களோ?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணக் கடல்நீரேரியின்ர கடற்புற்களையும் பாசிகளையும் பற்றி ஆய்வு செய்யிறன். உங்கட உதவி வேணும்.

கரையில ஒதுங்கிற எல்லாத்தையும் நாங்கள் சாதாழை எண்டுதான் சொல்லுவம். ஆனா அதுக்குள்ள ரெண்டு சாதி கலந்து கிடக்கும். பாசிக்கு வேரும் இல்லை, பூவும் இல்லை. கடற்புல்லு வேர்விட்டுப் பூக்கும். போன கிழமை மண்டைதீவில முழங்கால் தண்ணிக்குள்ள நிண்டு பாத்தன்: எனாலஸ் (Enhalus) எண்ட கடற்புல்லின்ர ஆண்பூக்கள் அரிசிக் குறுணல் மாதிரி வெள்ளையா மிதந்து பெண்பூவுக்குக் கிட்டப் போகுதுகள். அடிக்கட்டையில பன்றிமயிர் போலக் கறுத்த நார். இறாலும் நண்டும் குஞ்சில வளருற இடம் இந்தப் புல்லுத்தான். அதை இழுவைமடி வாரிக்கொண்டு போறதைப் பாக்க நெஞ்சு கொதிக்குது.

தீவுப்பகுதி, குருநகர், நாவாந்துறை ஆக்கள் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்கோ. உங்கட அப்பு, ஆச்சி இதுகளை என்னென்ன பேர் சொல்லிப் பிரிச்சவை? புகையிலைக்கும் தென்னைக்கும் சாதாழையைப் பசளையாத் தாட்ட ஆக்கள் உப்பை எப்பிடிப் போக்கினவை? கஞ்சிப்பாசி எந்த மாசத்தில பொறுக்கினவை?

படம் எடுத்தா, அளவு தெரிய பக்கத்தில ஒரு நாணயம் வையுங்கோ. வயது போன ஆக்களின்ர சொல்லு அப்பிடியே வேணும், அதால குரல்பதிவா அனுப்பினா இன்னும் நல்லது.