கண்ணில்தானே கோளாறு, மூளைக்கு ஏன் எம்.ஆர்.ஐ. எழுதுகிறார்கள்?

கேள்வி:
அப்பாவுக்கு 58 வயது. நாலைந்து மாதமாகக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார், வண்டி ஓட்டும்போது பக்கத்தில் வருகிறவர்கள் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கிறது என்கிறார். கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று கூட்டிப்போனேன். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிட்டார். அப்புறம் கிண்ணம் மாதிரி ஒரு மெஷினில் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ரிப்போர்ட்டில் வலக் கண்ணுக்கு வலது பாதி கறுப்பு, இடக் கண்ணுக்கு இடது பாதி கறுப்பு. உடனே மூளைக்கு எம்.ஆர்.ஐ. எழுதிவிட்டார் டாக்டர். அப்பா சரியாக அழுத்தாமல் இருந்திருக்கலாமே?

பதில் 1:
நான் பார்வையைச் சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட், தினமும் இந்தக் கிண்ண மெஷின் டெஸ்ட்டை (ஃபீல்ட் டெஸ்ட்) எடுக்கிறேன். அழுத்துவதில் தப்பு நடந்தால் கறுப்பு பெரும்பாலும் அங்கங்கே சிதறி விழும், இரண்டு கண்ணிலும் நடுக்கோட்டில் வெட்டி வைத்த மாதிரி நிற்காது. விழித்திரையில் மூக்குப் பக்கத்துப் பாதிதான் வெளிப்பக்கக் காட்சியைப் பார்க்கிறது, அந்தப் பாதியின் நரம்பிழைகள் மூளைக்கடியில் கயாஸ்மா என்ற இடத்தில் மறுபக்கம் தாண்டிப் போகின்றன. அதற்குக் கீழேதான் பிட்யூட்டரி சுரப்பி. அதில் கட்டி வந்து மேலே முட்டினால் அந்த இழைகள்தான் முதலில் நசுங்கும், இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கம் போகும். நடுப்பார்வை பிழைத்திருப்பதால் கடைசி வரியைப் படித்துவிடுவார்கள், அதுதான் ஏமாற்றுகிறது. ஒரு கண்ணில் மட்டும் என்றால் கோளாறு கயாஸ்மாவுக்கு முன்னால், இரண்டிலும் ஒரே பக்கம் என்றால் அதற்குப் பின்னால். ஆக, கறுப்பு விழுந்த விதமே எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. மறு டெஸ்ட் அப்புறம் எடுக்கலாம், ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 2:
எனக்கு இதே படம்தான் வந்தது. ரத்தத்தில் ப்ரோலாக்டின் என்ற பிட்யூட்டரி ஹார்மோன் மிக அதிகம், கேபர்கோலின் மாத்திரையிலேயே கட்டி சுருங்கியது, ஆறு மாதத்தில் கறுப்பு பாதிக்குமேல் வெளுத்துவிட்டது. எல்லாக் கட்டியும் மாத்திரைக்குக் கேட்காது, சிலருக்கு மூக்கு வழியாக ஆபரேஷன் செய்வார்கள். ஹார்மோன் டெஸ்ட்டும் கேளுங்கள். திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலியோடு பார்வை மங்கினால் ஸ்கேன் தேதி வரை காத்திருக்காமல் எமர்ஜென்சிக்கே கூட்டிப்போங்கள், கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம்.

பதில் 3:
அதுவரை வண்டியைக் கொடுக்காதீர்கள் ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். பக்கத்தில் வருவது தெரியவில்லை என்று அவரே சொல்லிவிட்டாரே.

கேள்வி கேட்டவர்:
நாளைக் காலை 7 மணிக்கு ஸ்கேன். சாவியை இப்போதே வாங்கி வைத்துவிட்டேன், அப்பாவுக்குக் கோபம்தான்.