ஸ்டென்ட் வைத்து மூன்று ஆண்டுகள்: அப்பாவுக்கு இன்னும் என்ன ஆபத்து இருக்கிறது?

கேள்வி:
வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. சர்க்கரை நோய் 15 ஆண்டுகளாக இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதயத் தமனியில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அதன்பின் நெஞ்சுவலி வரவில்லை என்பதால், "அடைப்பைத்தான் எடுத்துவிட்டார்களே, இன்னும் எதற்கு இத்தனை மாத்திரை?" என்று சில நாட்கள் மாத்திரை டப்பாவைத் திறப்பதே இல்லை. சென்ற வாரம் மாடிப்படியில் பாதியிலேயே நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். கேட்டால் வயதாகிவிட்டது என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வரும் ஆண்டுகளில் நாங்கள் எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

பதில் 1 (பொதுநல மருத்துவர்):
முதலில் அந்த மூச்சுவாங்கலைப் பற்றிச் சொல்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்புகள் மரத்துப்போவதால், இதயத்துக்கு இரத்தம் போதாதபோதுகூட வலி தெரியாமல், மூச்சிரைப்பாகவோ சோர்வாகவோ மட்டும் வெளிப்படலாம். இதயத் தசை பலவீனமடைந்து வருவதாலும் இப்படி நேரலாம். எனவே அவரை இந்த வாரமே அழைத்துச் சென்று, ஈசிஜியும், இதயத்தை ஒலி அலைகளால் படம்பிடிக்கும் எக்கோவும் எடுத்துப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ நெஞ்சு இறுகினாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஸ்டென்ட் அடைப்பை எடுத்துவிடுவதில்லை. கொழுப்புப் படிவைத் தமனிச் சுவரோடு ஒதுக்கி, அந்த ஓர் இடத்தில் வழியைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். நோய் மற்ற தமனிகளின் சுவர்களிலும் பரவியிருக்கும். தமனியில் பாதியைக்கூட அடைக்காத சிறு படிவு ஒன்று திடீரென வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதால் வரும் மாரடைப்புகள் பல. 5179 நோயாளிகளை வைத்து நடத்தி 2020-இல் வெளியிடப்பட்ட இஸ்கீமியா ஆய்வில், நிலையான இதயத் தமனி நோய் உள்ளவர்களுக்கு, மருந்துகளோடு தொடக்கத்திலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸும் செய்ததால் நெஞ்சுவலி நன்றாகக் குறைந்தது. ஆனால் மருந்துகளை மட்டும் கொண்டு தொடங்கியவர்களோடு ஒப்பிட்டபோது, இறப்பிலோ மாரடைப்பிலோ தெளிவான வேறுபாடு தெரியவில்லை. அதனால்தான் அந்த மாத்திரைகளே முக்கியமான சிகிச்சை என்று அழுத்திச் சொல்கிறேன். ஸ்டென்ட் வைத்தபின் தரப்படும், இரத்தம் உறையாமல் காக்கும் இரு மருந்துகளில் ஒன்றை உரிய காலத்துக்குப் பின் மருத்துவரே நிறுத்துவார். எதையும் தாமாக நிறுத்துவது ஆபத்து. கெட்ட கொழுப்பான எல்டிஎல், ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 55 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது இத்தகையவர்களுக்கு நல்லது.

எக்கோவில், இதயம் தன்னுள் நிறைந்த இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் அளவு 35 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், உயிரைப் பறிக்கும் துடிப்புக் கோளாறு வரும் அபாயம் கூடும். அந்நிலையில் சிலருக்கு, அத்தகைய துடிப்பைக் கண்டறிந்து உடனே சீராக்கும் கருவியை உடலில் பொருத்த வேண்டியிருக்கும்.

பதில் 2 (பைபாஸ் செய்துகொண்டவர்):
தம்பி, எனக்கு 2011-இல் பைபாஸ் செய்தார்கள். உங்கள் அப்பாவைப் போலவே நானும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்தேன். ஒரு மாலை காலுறையைக் கழற்றியபோது, கணுக்காலில் அதன் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது. மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது. இதயம் போதிய வலுவோடு இரத்தத்தைச் செலுத்தாததால் உடலில் நீர் தேங்குகிறது, இதயச் செயலிழப்பின் தொடக்கம் என்றார் மருத்துவர். அன்றிலிருந்து காலையில் பல் துலக்கியதும் எடை பார்த்துச் சுவர் நாட்காட்டியில் எழுதிவிடுகிறேன். அப்பாவிடம் மாத்திரையைப் பற்றி வாதாடாதீர்கள். இரவு உணவின்போது டப்பாவைத் திறந்து அவர் அருகில் வையுங்கள். என் மகள் அப்படித்தான் செய்தாள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எக்கோவுக்கு நாளை காலை நேரம் வாங்கியிருக்கிறேன். சற்று முன் அப்பாவின் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன்; பள்ளம் விழுந்தது. அவரும் அதைக் குனிந்து பார்த்தார், பிறகு மறுப்பேதும் சொல்லவில்லை.