ஐந்து வயது மகளோடு மினியேச்சர் விளையாட்டு அரங்கில்

சின்னப் பிள்ளையை மினியேச்சர் விளையாட்டு ஒன்றுகூடலுக்கு, அதாவது குட்டிப் படைவீரர் பொம்மைகளுக்குச் சாயம் பூசி மேசைமேல் போர் ஆடுகிறவர்கள் கூடும் இடத்துக்கு, கூட்டிக்கொண்டு போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போன மாதம் என் மகளோடு போய் வந்தேன். அவளுக்கு ஐந்து வயது, பாலர் பள்ளியில் படிக்கிறாள். தாராளமாகப் போகலாம். ஆனால் அன்றைக்கு நீங்கள் விளையாடப் போகவில்லை, பிள்ளையின் பின்னால் நடக்கத்தான் போகிறீர்கள் என்று மனத்தைத் தயார்செய்துகொண்டு போங்கள்.

நான் விளையாடும் வார்ஹேமர் 40,000 என்ற மினியேச்சர் போர் விளையாட்டு முதலில் வெளிவந்தது 1987இல். நான் பிறந்ததும் அந்த வருடம்தான். பதினைந்து வருடமாக விளையாடுகிறேன். சிங்கப்பூர் செங்காங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை என் பட்டறை. ராத்திரியில் நான் சாயம் பூசுவதைப் பார்த்தே வளர்ந்தவள் என்பதால், பொம்மைகள் அவளுக்குப் புதிது இல்லை. என் பயமெல்லாம் கையைப் பற்றித்தான். ஒரு படைவீரன் நிற்கும் வட்ட அடித்தட்டு சில விளையாட்டுகளில் 25 மில்லிமீட்டர், நம் ஊர் ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தின் அகலம்தான் இருக்கும். அதன் மேல் நிற்கிற முகத்தில் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளி வைத்து, அதற்குள் கறுப்புப் புள்ளி வைக்க ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதை ஒரு குழந்தை லபக்கென்று பிடித்து எடுத்தால் என்ன ஆகும்?

என் அம்மாதான் தைரியம் சொன்னார். "நவராத்திரி ஒன்பது நாளும் கொலுவுக்கு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்ன பிள்ளைதானே? அங்கேயும் நிப்பா." எனக்கு இது தோன்றவே இல்லை. ரயிலில் போகும்போது அவளிடம் அதையே சொன்னேன். அங்கே ஒவ்வொரு மேசையும் ஒருத்தர் வீட்டுக் கொலு, கேட்காமல் தொடக்கூடாது என்று. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் கை இரண்டும் தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

நான் எதிர்பார்க்காத ஒன்று, அவளுடைய உயரம். நாம் நின்றால் மேசையை மேலிருந்து பார்க்கிறோம், வரைபடம் பார்ப்பது மாதிரி. அவள் நின்றால் கண் மேசை விளிம்புக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். இடிந்த சுவர்களும் குட்டி மரங்களும் அவளுக்கு நிஜமான தெருவாகத் தெரிகின்றன. ஒரு மேசையில் இரண்டு இளைஞர்களுக்குள் சந்தேகம்: சுவருக்குப் பின்னால் நிற்கும் வீரன் இந்தப் பக்கத்துத் துப்பாக்கிக்காரனுக்குத் தெரிகிறானா, இல்லையா? தெரிந்தால்தான் சுடலாம். இதைப் பார்க்க நாங்கள் எல்லோரும் குனிந்து, கன்னத்தை மேசையில் வைக்காத குறையாகப் பார்ப்போம். அந்தப் பையன்களில் ஒருவர் மகளைப் பார்த்து, "நீ சொல்லும்மா, உனக்குத் தெரிகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். தொப்பி மட்டும் தெரிகிறது என்றாள். இரண்டு பேரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். பகடையையும் அவள் கையில் கொடுத்தார்கள். பெரியவர்கள் தன் பேச்சைக் கேட்டு ஒரு முடிவு எடுக்கிறார்கள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

அங்கேயே அங்குலமும் கற்றுக்கொண்டாள். நம் ஊரில் பள்ளியில் எல்லாம் சென்டிமீட்டர்தான். இந்த விளையாட்டில் வீரன் ஆறு அங்குலம் நடப்பான், அளவுநாடாவை வைத்துத்தான் நகர்த்துவோம். வீட்டுக்கு வந்ததும் சோபாவிலிருந்து குளிர்பதனப் பெட்டி வரை அளந்துகொண்டே இருந்தாள்.

இனி, நடக்கக்கூடாதது நடந்த கதை. கழுத்தில் மாட்டியிருந்த தண்ணீர்ப் புட்டியின் வாரை நான் கவனிக்கவில்லை. அவள் திரும்பினாள், வார் ஒரு உலோக டிராகனின் இறக்கையில் மாட்டியது, டிராகன் சாய்ந்து விழுந்தது. இறக்கை தோளோடு கழன்று தரைக்குப் போய்விட்டது. அந்த மேசைக்காரர் அறுபது வயதிருக்கும் ஒரு சீனப் பெரியவர். 1980களில் வாங்கியதாம். எனக்குக் கை கால் ஓடவில்லை. மகள் குனிந்து இறக்கையை எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தி அவரிடம் நீட்டி, "சாரி அங்கிள்" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அவர் நாற்காலியை இழுத்து அவளை எதிரில் உட்காரவைத்தார். பையிலிருந்து விரலால் சுழற்றும் ஒரு குட்டித் துளைக்கருவியை எடுத்தார். இறக்கையில் ஒரு துளை, தோளில் ஒரு துளை. காகிதம் கோக்கும் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நகக்கண் அளவு துண்டு வெட்டி இரண்டுக்கும் நடுவே செருகினார். வெறும் பசை கனமான இறக்கையைத் தாங்காதாம், உள்ளே கம்பி இருந்தால் எலும்பு மாதிரி பிடித்துக்கொள்ளுமாம். சூப்பர் குளூ போடும்போது மட்டும் அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். என் கைப்பேசி விளக்கைப் பிடிக்கும் வேலை அவளுக்கு. ஒட்டி முடித்த பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: இது பழைய வார்ப்பு, அந்தக் காலத்தில் ஈயம் கலந்து செய்வார்கள், சாப்பிடுவதற்கு முன் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள் என்று. உடைந்த பொருளுக்குச் சொந்தக்காரர், என் பிள்ளையின் கையைப் பற்றிக் கவலைப்படுகிறார். நான் பணம் தருவதாகச் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை.

எல்லோரும் அப்படி இல்லை. இது குழந்தைகளுக்கான இடம் இல்லை என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். நான் பதில் பேசவில்லை, அடுத்த மேசைக்குப் போய்விட்டோம். நூறு மணி நேரம் உட்கார்ந்து செய்ததைக் காக்க நினைப்பவரிடம் எனக்குக் கோபம் வராது. ஆனால் அவள் முன்னால் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

போகிறவர்களுக்கு மூன்று விஷயம். குளிர்சாதனம் எலும்பை உறையவைக்கும், கம்பளிச் சட்டை கட்டாயம். தண்ணீர்ப் புட்டி உங்கள் பையில் இருக்கட்டும், பிள்ளையின் கழுத்தில் வேண்டாம். எதையும் வாயில் போடும் வயதுப் பிள்ளை என்றால் இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள், பகடையும் சின்னச் சின்னப் பாகங்களும் எங்கும் கிடக்கும். எங்களுக்கு இரண்டரை மணி நேரம்தான் தாங்கியது. அப்புறம் தேக்காவில் கையைக் கழுவிவிட்டு மீ கோரேங் சாப்பிட்டோம்.

கிளம்பும் முன் சாயம் பூசும் மேசையில் ஒரு பூதப் பொம்மை கொடுத்தார்கள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் சாயம்தான், சட்டையில் பட்டால் உடனே அலசிவிடலாம். அவள் பூதத்தைப் பல், கண், செருப்பு எல்லாம் சேர்த்து ஊதாவாக அடித்தாள். நிழல் எங்கே, வெளிச்சம் எங்கே என்று சொல்லிக்கொடுக்க எனக்கு வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அது இப்போது என் படைக்கு முன்னால், முதல் வரிசையில் நிற்கிறது. அம்மா அதற்கு இந்த வருடக் கொலுவில் கீழ்ப்படியில் இடம் பேசி வைத்திருக்கிறார்.

சாயப்போட்டிக்கு வந்தவற்றைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்கள். மேல் தட்டு அவளுக்கு எட்டவே இல்லை, முழுநேரமும் தூக்கித்தான் காட்டினேன். அடுத்த முறைக்கு மடக்கி வைக்கும் முக்காலி ஒன்று வாங்கிவிட்டேன். அதன் அடியில் அவள் பெயரை அவளே எழுதியிருக்கிறாள்.