‘ஹ்யூமிலியேஷன்’ என்பதை இங்கே ‘அவமானம்’ என்று மொழிபெயர்க்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் செய்திகள் இங்கிலாந்து மக்களிடையே எவ்வாறு எதிரொலித்தன என்பதைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். விக்டோரியா அரசியார் அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாளை ‘ஃபாஸ்ட், ஹ்யூமிலியேஷன், பிரேயர்’ ஆகியவற்றுக்குரிய நாளாக அறிவித்தார் என்று அதில் ஒரு வரி வருகிறது. ‘ஹ்யூமிலியேட்’ என்னும் வினைக்கு ‘அவமானப்படுத்து’ என்பதே நான் அறிந்த பொருள். என்னிடமுள்ள சிறிய அகராதியும் ‘அவமதி, இழிவுபடுத்து’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எனவே ‘நோன்பு, அவமானம், வழிபாடு ஆகியவற்றின் நாள்’ என்று எழுதி, சிப்பாய்களிடம் தோற்ற வெட்கத்தை இச்சொல் குறிக்கிறது என்று அடிக்குறிப்பும் சேர்த்துவிட்டேன். ஆனால் அடுத்த பத்தியில் மக்கள் தேவாலயங்களில் கூடித் தங்கள் பாவங்களை அறிக்கையிட்டார்கள் என்று வருவதால், என் அடிக்குறிப்பு அதனோடு ஒட்டவே இல்லை. இச்சொல்லின் மூலத்தையும் இந்த இடத்தில் அதற்குரிய பொருளையும் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1

அடிக்குறிப்பை நீக்கிவிடுங்கள், அம்மா. அங்கே பேசப்படுவது தோல்வியின் வெட்கம் அன்று, பணிவு. ‘ஹ்யூமிலியேட்’ என்பது பணிவான என்று பொருள்படும் ‘ஹம்பிள்’ என்னும் சொல்லுக்கு உறவு. அந்த ‘ஹம்பிள்’ கூட, எளியவர்கள் உண்ட ‘ஹம்பிள் பை’ என்னும் பண்டத்தின் பெயரிலிருந்து வந்ததாகவே படித்த நினைவு.

மறுமொழி 2

முந்தைய நண்பர் பணிவு என்று சொன்னது முற்றிலும் சரி; பண்டத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது. மானின் ஈரல், குடல் முதலிய உள்ளுறுப்புகளுக்கு ஆங்கிலத்தில் ‘நம்பிள்ஸ்’ என்றும் பின்னர் ‘அம்பிள்ஸ்’ என்றும் பெயர் இருந்தது. அது இடுப்பைக் குறிக்கும் ‘லும்புஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. ‘ஹம்பிள்’ என்பதன் முதல் ஒலியையும் அக்காலத்தில் பலர் ‘ஹவர்’ என்பதை ‘அவர்’ என்று ஒலிப்பதைப் போல விட்டுவிட்டே பேசியதால், அம்பிள்ஸ் வைத்த பண்டம் ‘ஹம்பிள் பை’ ஆயிற்று. இரண்டுக்கும் பிறப்பில் தொடர்பு இல்லை.

‘ஹம்பிள்’, ‘ஹ்யூமிலியேட்’ இரண்டுக்கும் உண்மையான தாய் ‘ஹூமுஸ்’ என்னும் லத்தீன் சொல், அதாவது மண், தரை. வேளாண் நூல்களில் இலைமக்கு என்று நாம் எழுதும் ‘ஹியூமஸ்’ என்பதும் இதே சொல்தான். தரையோடு ஒட்டியது, தாழ்வானது என்ற பொருளில் ‘ஹூமிலிஸ்’ என்னும் பெயரடை பிறந்தது; பின்னாளில், குறிப்பாகக் கிறித்தவ லத்தீனில், தாழ்த்துதல் என்ற பொருளில் ‘ஹூமிலியாரே’ என்னும் வினை பெருவழக்காயிற்று. ‘ஹூமிலிஸ்’ பிரெஞ்சு மக்களின் வாயில் தேய்ந்து ‘ஹம்பிள்’ ஆகி ஆங்கிலத்துக்குள் வந்தது. ‘ஹ்யூமிலியேட்’ என்னும் வினையோ 16ஆம் நூற்றாண்டில் ஏட்டு லத்தீனிலிருந்து நேராக எடுக்கப்பட்டது. ஒரே வடசொல் நம்மிடம் இலக்கணம் என்றும் லட்சணம் என்றும் இரு வடிவம் பெற்று இரு பொருளுக்குப் பிரிந்து நிற்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

தொடக்கத்தில் இவ்விரு வினைகளுக்கும் பொருள் வேறுபாடு மிகக் குறைவு. பிறர் முன்னிலையில் ஒருவரின் மானத்தைக் குலைப்பது என்னும் இன்றைய பொருள் ‘ஹ்யூமிலியேட்’ மீது படிந்தது பிற்காலத்தில்தான். தேவாலய மொழியிலும் அரச அறிவிப்புகளிலும் பழைய பொருளே நெடுங்காலம் நிலைத்திருந்தது. லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் தன்னை உயர்த்துகிறவன் தாழ்த்தப்படுவான், தன்னைத் தாழ்த்துகிறவன் உயர்த்தப்படுவான் என்று வரும் வசனத்தைப் பாருங்கள். லத்தீன் விவிலியம் இரண்டு இடத்திலும் ‘ஹூமிலியாரே’ வினையையே வைத்திருக்கிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்போ பிறரால் தாழ்த்தப்படுவதற்கு ‘அபேஸ்’ என்றும், தானே தாழ்வதற்கு ‘ஹம்பிள்’ என்றும் பிரித்துக்கொண்டது. (நம் நாளிதழ்களில் ‘நகை அபேஸ்’ என்று வருவதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தமிழ் விவிலியம் லத்தீனைப் போலவே இரண்டுக்கும் ‘தாழ்த்து’ என்ற ஒரே வினையை ஆள்வது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம்.

நோன்பும் இச்சொல்லும் சேர்ந்து வருவதும் பழைய வழக்கே. 35ஆம் சங்கீதத்தில் நோன்பிருந்து என் ஆன்மாவைத் தாழ்த்தினேன் என்னும் கருத்துள்ள அடிக்கு லத்தீனில் இதே வினைதான் வருகிறது. ஆகவே உங்கள் வரியிலுள்ள மூன்று சொற்களும் தனித்தனியானவை அல்ல. உண்ணாதிருந்து, இறைவன் முன் தாழ்ந்து, மன்றாடுதல் என்னும் ஒரே செயலின் மூன்று பக்கங்கள். அந்த அக்டோபர் 7ஆம் நாளில் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் மண்டபத்தில் ஸ்பர்ஜன் என்னும் போதகரின் உரையைக் கேட்க 23,654 பேர் கூடினார்கள். அவர்கள் தேசத்தின் பாவங்களை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கக் கூடியவர்கள்.

இன்னும் ஐயம் இருந்தால் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவில் லிங்கன் வெளியிட்ட அறிவிப்பைப் பாருங்கள். 1863 ஏப்ரல் 30ஆம் நாளை ‘நேஷனல் ஹ்யூமிலியேஷன்’, நோன்பு, வழிபாடு ஆகியவற்றுக்குரிய நாளாகக் குறித்த அந்த அறிவிப்பு, நாம் புண்படுத்திய பேராற்றலின் முன் நம்மைத் தாழ்த்திக்கொள்வது நம் கடமை என்று சொல்லும் இடத்தில் ‘ஹம்பிள்’ என்னும் வினையை வைத்திருக்கிறது. பெயருக்கு ஒன்று, வினைக்கு மற்றொன்று, பொருள் ஒன்றுதான்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. ஒரு தயக்கம் மட்டும் மீதமிருக்கிறது. ‘தாழ்த்துதல் நாள்’ என்று எழுதினால், ‘தாழ்த்தப்பட்டோர்’ என்ற சொல்லின் வழியாகச் சாதிக் கொடுமையின் நினைவுதானே தமிழ் வாசகருக்கு முதலில் எழும்? நான் வருத்தத்தோடு கவனிக்கும் சொல் அது. வேறு பொருளில் கவனமின்றிக் கையாள மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 2

உங்கள் தயக்கம் நியாயமானது, அம்மா. ‘தாழ்த்தப்பட்ட’ என்னும்போது தாழ்த்தியவர் வேறொருவர் என்பதை அந்தச் செயப்பாட்டு வடிவமே காட்டிவிடுகிறது. உங்கள் வரியிலோ செய்பவரும் செய்யப்படுபவரும் ஒருவரே. எனவே ‘தங்களை’ என்ற சொல்லை விடாமல், ‘தங்களைத் தாழ்த்திக்கொள்ளுதல்’ என்று முழுமையாக எழுதுங்கள். ‘மனத்தாழ்மை’ என்றும் எழுதலாம். ஆனால் அது ஒரு குணத்தைச் சொல்கிறதே தவிர, அன்று அவர்கள் செய்த செயலைச் சொல்வதில்லை.

மறுமொழி 1

பண்டத்தைப் பற்றிய திருத்தத்துக்கு நன்றி. இன்னொன்று: ஒரு மேலாளர் ஊழியரைப் பலர் முன் ‘ஹ்யூமிலியேட்’ செய்தார் என்று இன்றைய ஆங்கிலத்தில் வந்தால் ‘அவமானப்படுத்தினார்’ என்றே எழுத வேண்டும், பேச்சு நடையாக இருந்தால் ‘மட்டம் தட்டினார்’ என்பதும் பொருந்தும். அங்கே ‘தாழ்த்தினார்’ என்றால் பதவியைக் குறைத்ததாகப் பொருள்பட்டுவிடும்.

கேள்வி கேட்டவர்

திருத்திய வரி இது: “இறைவன் முன் தங்களைத் தாழ்த்திக்கொண்டு, நோன்பிருந்து மன்றாடுவதற்குரிய நாளாக 1857 அக்டோபர் 7ஆம் நாளை அரசியார் அறிவித்தார்.” அடிக்குறிப்பை எடுத்துவிட்டேன். கட்டுரையின் பிற்பகுதியில், பிடிபட்ட சிப்பாய்களைத் தூக்கிலிடுமுன் ‘ஹ்யூமிலியேட்’ செய்தார்கள் என்று ஓரிடத்தில் வருகிறது. அதை ‘இழிவுபடுத்தினார்கள்’ என்றே விட்டிருக்கிறேன்.