இருபது வரை சொல்கிறான், ஐந்து புளியங்கொட்டையை எண்ணத் தெரியவில்லை

அம்பைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு நாலு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒன்று, இரண்டு என்று இருபது வரைக்கும் பாட்டு மாதிரி மூச்சு விடாமல் சொல்வான், வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்காட்டச் சொல்லி நாங்களும் பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தோம். போன வாரம் ஆச்சி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஐந்தை எடுத்து வைத்து எண்ணச் சொன்னேன், எட்டு என்கிறான்! விரல் ஒரு பக்கம் போகிறது, வாய் ஒரு பக்கம் போகிறது. சரி என்று கையைப் பிடித்து எண்ண வைத்துவிட்டு "இப்போ மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறான். பள்ளிக்கூடத்தில் 1 முதல் 50 வரை எழுதிவர நோட்டு கொடுத்து அனுப்புகிறார்கள். இவர் ஏதாவது ஆப் போட்டுக் கொடுக்கலாம் என்கிறார். பிள்ளைக்கு ஏதும் குறையா, நான்தான் அவசரப்படுகிறேனா?

பாளை டீச்சர்:
குறையெல்லாம் ஒன்றும் இல்லம்மா. ஒன்றாம் வகுப்பு எடுத்தே ஓய்வு பெற்றவள் நான், ஜூன் மாதம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் வருவார்கள். சொல்வது வேறு, எண்ணுவது வேறு. இருபது வரை சொல்வது அவனுக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்பது இனிமேல்தான் பிடிபட வேண்டும். விரலால் தொட்டு எண்ணச் சொல்லாதீர்கள், எதைத் தொட்டோம் என்பதே மறந்துவிடும். சுளகில் கிடக்கும் கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துச் சிரட்டையில் போடச் சொல்லுங்கள், டொக்கென்று விழும்போது ஒரு எண். எண்ணியது அங்கே, எண்ணாதது இங்கே, குழப்பமே இல்லை.

மொத்தம் எத்தனை என்று கேட்டதும் திரும்ப ஆரம்பிக்கிறான் என்றீர்களே, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. நீங்களே எண்ணி, "ஒன்று, இரண்டு, மூன்று... மூன்று கொட்டை" என்று சிரட்டையை மூடிக் காட்டுங்கள். அப்புறம் திருப்பிக் கேளுங்கள்: "ஆச்சிக்கு மூன்று கொட்டை எடுத்துக் கொடு." அள்ளிக் கைநிறையக் கொடுத்தான் என்றால் மூன்று இன்னும் மனதில் ஏறவில்லை. ஒரு வாரமோ இரண்டு வாரமோ, மூன்றைத் தாண்டாதீர்கள். இப்போது நொங்குக் காலம்தானே, சீவிய காயைக் காட்டுங்கள், பெரும்பாலும் மூன்று கண் இருக்கும், எண்ணாமலே பார்த்ததும் மூன்று என்று சொல்லப் பழகுவான். ஆப் வேண்டவே வேண்டாம். கையில் கனம் தெரிய வேண்டும். அரசுப் பள்ளிகளில் 2022இல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பொருளை வைத்து, விளையாடித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

பலசரக்குக்கடை:
டீச்சர் சொன்னதற்கு என் வீட்டுக் கதை ஒன்று. எங்கள் அப்பா நெல் அளந்தால் ஒன்று என்றே சொல்லமாட்டார், முதல் மரக்கால் "லாபம்", அப்புறம்தான் ரெண்டு, மூணு. என் மகள் கடையிலேயே வளர்ந்தவள், எல்கேஜியில் போய் "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணியிருக்கிறாள், மிஸ் கூப்பிட்டு அனுப்பினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் பிள்ளை தப்பாக எண்ணவில்லையே, ஒரு பொருளுக்கு ஒரு பேர்தானே வைத்தாள்! எலுமிச்சம்பழத்தைக் கூறுக்கு நாலாக வைக்கச் சொல்லுவேன், பத்துக் கூறு வைப்பதற்குள் நாலு என்பது அவள் கண்ணுக்கே தெரிந்துவிட்டது.

தென்காசி மதினி:
எல்லாம் சரி, கொட்டையைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடாதீர்கள். என் சின்னவன் ஒரு புளியங்கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டு, ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குன்றிமணி அழகாக இருக்கிறது என்று யாரும் கொடுத்துவிடாதீர்கள், அது விஷம். கரண்டி, மூடி, வெங்காயம் என்று பெரிய சாமான் போதும்.

கல்லிடை:
எதற்கு இவ்வளவு? ஒரு பல்லாங்குழி வாங்கிப் போடுங்கள், தன்னால் வரும். நாங்கள் எல்லாம் அப்படித்தான் படித்தோம்.

பாளை டீச்சர்:
தம்பி, நீங்கள் ஆடியது எட்டு வயதில் இருக்கும். 14 குழி, குழிக்கு ஐந்து என்றாலே 70 காய், நாலு வயதுப் பிள்ளை அள்ளி இறைத்துவிட்டு எழுந்து போய்விடும். வேண்டுமானால் ஒரு பக்கத்து ஏழு குழியை மட்டும் வைத்துக்கொண்டு, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகச் சொல்லலாம், அது நல்ல பழக்கம்தான். நாலு சேர்ந்தால் பசு என்று எடுப்பதெல்லாம் பிறகு.

அம்பை அம்மாவுக்கு இன்னொன்று, வீட்டில் தமிழிலேயே எண்ணட்டும். பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும் என்று சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, இலெவன், ட்வெல்வ் என்பதில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அம்பைக்காரி:
பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். சிரட்டை வேலை செய்கிறது! மூன்று கேட்டால் மூன்றுதான் தருகிறான், சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கும் வேலையையும் அவனிடமே விட்டுவிட்டேன், "அப்பாவுக்கு ஒண்ணு, ஆச்சிக்கு ஒண்ணு" என்று வைத்துவிட்டுத் தனக்கு மட்டும் மறந்துவிடுகிறான். நேற்று ரோட்டோரம் நொங்கு வாங்கினோம், ஒரு காயில் இரண்டு கண்தான் இருந்தது. கையில் வாங்கமாட்டேன் என்கிறான், "ஒண்ணைக் காணோம்" என்று ஒரே அழுகை. வெட்டுகிற அண்ணாச்சி சிரித்துக்கொண்டே இன்னொன்று சீவிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஐந்து இன்னும் தடுமாற்றம்தான். அந்த 50 வரைக்குமான நோட்டை இப்போதைக்கு நான்தான் இடதுகையால் எழுதி அனுப்புகிறேன், டீச்சர் திட்டாதீர்கள்.