முரானோவில் கண்ணாடி மணிமாலை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அம்மாவை வெனிஸுக்கு அழைத்துப் போகிறேன். அருகிலுள்ள முரானோ தீவில் அவருக்கு ஒரு மணிமாலை வாங்க வேண்டும். தீ விபத்துக்கு அஞ்சி 1291-இல் வெனிஸின் கண்ணாடி உலைகளை அங்கே மாற்றினார்கள். தொழில் இன்றும் நடக்கிறது. கண்ணாடிக் கோலைக் குறுக்கே நறுக்கினால் பூப்பூவாகத் தெரியுமே, அந்த மிலெஃபியோரி மணிகள்மீது அம்மாவுக்குக் கொள்ளைப் பிரியம்.

ஆனால் வேறெங்கோ செய்த மலிவுச் சரக்கும் முரானோ பெயரில் விற்பனையாகிறது. முரானோவில் செய்ததற்கு அடையாளமான ‘வெட்ரோ ஆர்ட்டிஸ்டிகோ முரானோ’ முத்திரையைப் பார்த்து வாங்கினால் போதுமா? மணியைக் கையில் எடுத்ததும் எதைக் கவனிக்க வேண்டும்? விலை கூடினாலும் பரவாயில்லை, உலையருகே நின்று உழைப்பவருக்கே பணம் போக வேண்டும். அங்கே நேரில் வாங்கியவர்கள், நம்பகமான பட்டறை தெரிந்தால் சொல்லுங்கள். விமானத்தில் உடையாமல் கொண்டுவர எப்படிக் கட்டித் தரச் சொன்னீர்கள்?