நியூஜெர்சி – பிட்ஸ்பர்க் கோயில் – நயாகரா, வர்ற சனிக்கிழமை கிளம்பணும், அவசரம்

புதுக்குடி:
எல்லாருக்கும் வணக்கம். எடிசனுக்குக் குடிவந்து இன்னும் பெட்டிகூட முழுசா பிரிக்கல. மெமோரியல் டே லீவுக்கு அப்பா அம்மாவையும் பசங்களையும் கூட்டிட்டு பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில், அங்கிருந்து நயாகரான்னு கார்ல போக ஹோட்டல் போட்டாச்சு. கேன்சல் பண்ணினா காசு திரும்பாது. இப்ப ஆபீஸ்ல ஒருத்தர், "நயாகரால பாஸ்போர்ட் செக் பண்ணுவாங்க, கனடா பக்கம் கால் வெச்சா திரும்ப விடமாட்டாங்க"ன்னு வயித்துல புளியைக் கரைச்சிட்டார். அம்மாவுக்கு வேண்டுதல் வேற இருக்கு. போகலாமா வேண்டாமா? யாராவது சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

டோல்_மாமா:
முதல்ல டோலைக் கவனிங்க தம்பி. எடிசன்லேருந்து ஐ-78 ஹைவே பிடிச்சு ஹாரிஸ்பர்க் தாண்டி, கார்லைல்ல பென்சில்வேனியா டர்ன்பைக்ங்கற டோல் ரோட்டுல ஏறி, 57-ம் எக்ஸிட் மன்ரோவில்ல இறங்கணும். கோயில் அங்கிருந்து பக்கம். டர்ன்பைக்ல கையில காசு வாங்குற ஆளே கிடையாது, 2020லயே எடுத்துட்டாங்க. இ-இசட்பாஸ் (ஊர்ல ஃபாஸ்டேக் மாதிரி) இல்லேன்னா நம்பர் பிளேட்டைப் படம் பிடிச்சு பில் வரும், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. வாடகைக் கார்னா அந்த பில் கம்பெனிக்குப் போகும், அவன் அதுக்கு மேல ஒரு சர்வீஸ் சார்ஜையும் சேர்த்து உங்க கார்டுல இழுப்பான். சொந்த பாஸ் இருந்தா வாடகைக் கார் நம்பரை உங்க அக்கவுண்ட்ல சேருங்க. கண்ணாடில கம்பெனி ஒட்டி வெச்சிருக்குற சின்னப் பெட்டிக்கு ஒரு மூடி இருக்கும், அதைத் தள்ளி மூடிடுங்க. திறந்து கிடந்தா அதுலயும் கழியும், உங்களோடதுலயும் கழியும். காரைத் திருப்பிக் கொடுத்த அன்னிக்கே நம்பரை நீக்குங்க. இல்லேன்னா அடுத்து எடுக்குறவன் டோலும் உங்க தலையில விழும். ஐ-78ல டெலவேர் ஆத்துப் பாலத்துல பென்சில்வேனியாவுக்குள்ள போகும்போது மட்டும்தான் டோல், திரும்பி வரும்போது கிடையாது.

பிரிட்ஜ்வாட்டர்வாசி:
பெருமாளைப் பார்க்க 330 மைல் எதுக்குங்க? வீட்டுப் பக்கத்துலயே பிரிட்ஜ்வாட்டர்ல வெங்கடேஸ்வரர் இருக்கார். பிள்ளையார் வேணும்னா நியூயார்க் ஃப்ளஷிங், 1977ல கும்பாபிஷேகம் ஆன கோயில், கீழ கேன்டீன்ல தோசையும் உண்டு. ராபின்ஸ்வில் அக்ஷர்தாமும் 2023ல திறந்தாச்சு. பெரியவங்களை ஆறு மணி நேரம் கார்ல உட்கார வெச்சுக் கொல்லாதீங்க.

சிவகாசி_சரவெடி:
வேண்டுதல்ங்கறார், நீங்க தோசைங்கறீங்க. பிட்ஸ்பர்க் கோயில் 70கள்லயே நம்ம ஜனங்க திருமலையை மனசுல வெச்சுக் கட்டினது. குன்று மேல வெள்ளை கோபுரத்தைப் பார்த்தா அம்மாவுக்கு ஊர் ஞாபகம் வந்துடும். தம்பி, வெள்ளி ராத்திரி பத்து மணிக்குக் கிளம்புங்க. ரோடு காலி, பசங்க தூங்கிடும், விடிய கோயில். கனடா பக்கமும் போயிட்டு வாங்க, 30 நாளுக்குள்ள திரும்பினா ஒண்ணும் கேக்க மாட்டான்.

மலைக்கோட்டை77:
சரவெடி சொன்ன ரெண்டுமே வேண்டாம். இந்த ஊர்ல வலது பக்கம் ஓட்டிப் பழகாதவர் டர்ன்பைக்கை ராத்திரி எடுக்கக் கூடாது. கார்லைலுக்கு மேற்க மலைப் பாதை, ப்ளூ மவுண்டன், கிட்டடின்னி, டஸ்கரோரா, அலிகெனின்னு நாலு சுரங்கம், நடுவுல ரோடு வேலை நடக்குற இடத்துல லேன் ஒடுங்கி கான்கிரீட் சுவரை ஒட்டிப் போகணும். கூட லாரிக் கூட்டம், மான், மலை உச்சில பனிமூட்டம்.

புதுக்குடி, நீங்க முக்கியமான எதையும் சொல்லலையே. எந்த விசா? கார் யாரோடது? எத்தனை பேர், பசங்களுக்கு வயசு என்ன? லைசென்ஸ்? நயாகரா ஹோட்டல் முகவரில கடைசி வரி என்ன? நயாகரா ஃபால்ஸ்ங்கற பேர்ல நியூயார்க் பக்கம் ஒரு ஊர், ஒண்டாரியோ பக்கம் ஒரு ஊர். புக் பண்ணும்போது படத்தைப் பார்த்து ஏமாந்து கனடா ஹோட்டலைப் போட்டவங்க நிறைய.

புதுக்குடி:
இப்பதான் பார்த்தேன் சார், நியூயார்க்தான். எனக்கு எச்1பி வேலை விசா, மனைவிக்கு எச்4 துணை விசா, அப்பா அம்மா பி2 சுற்றுலா விசா, எல்லாருக்கும் பாஸ்போர்ட்ல விசா ஸ்டாம்ப் இருக்கு. பையனுக்கு 6, பாப்பாவுக்கு ஒண்ணரை. இந்திய லைசென்ஸும் ஐடிபியும் (சர்வதேச ஓட்டுநர் அனுமதி) இருக்கு. வாடகைக் கார், அஞ்சு சீட் செடான். பாப்பாவை அம்மா மடியில வெச்சுப்பாங்க, பையனை நடுவுல நெருக்கிக்கலாம்னு இருக்கோம். கனடா பக்கம்தான் அருவி முழுசா தெரியும்ங்கறாங்களே, ஒரு எட்டு எட்டிப் பார்த்துட்டு வரலாமா?

பசங்கம்மா:
நிறுத்துங்க! கனடாவை அப்புறம் பார்க்கலாம், உங்க பிரச்சனை அந்தக் கார்தான். அஞ்சு பெல்ட் உள்ள வண்டில ஆறு பேர் போக முடியாது. மடியில குழந்தையா? போலீஸ் பார்த்தா நிறுத்துவான், பார்க்கலேன்னாலும் பிரேக் அடிச்சா எந்தப் பாட்டி கையும் குழந்தையைப் பிடிச்சு நிறுத்தாது. பென்சில்வேனியா, நியூயார்க் ரெண்டுலயும் 2 வயசுக்குள்ள குழந்தை பின்பக்கம் பார்த்து உட்கார்ற சீட்ல இருக்கணும், 8 வயசு வரைக்கும் சீட்டோ பூஸ்டரோ வேணும். பையனுக்கு பூஸ்டர் போதும், ஆனா மடி, தோள் ரெண்டுக்கும் பெல்ட் வர்ற இடத்துலதான் அதை வைக்கணும்.

இன்னிக்கே போன் பண்ணி மினிவேனுக்கு மாத்துங்க. ஏழு சீட் எஸ்யூவின்னு காட்டினா ஏமாறாதீங்க. மூணாவது வரிசையைத் தூக்கினா பெட்டி வைக்க இடமே இருக்காது, முட்டி வலி உள்ளவங்க அதுல ஏறவும் முடியாது. மினிவேன்ல அப்பா முன்னாடி, அம்மாவும் பாப்பா சீட்டும் நடு வரிசை, மனைவியும் பையனும் பின்னாடி.

பாப்பா சீட்டைக் கடையில புதுசா வாங்குங்க. வாடகைக் கம்பெனி கொடுக்குறதுல பெரும்பாலும் மேனுவல் இருக்காது, மாட்டியும் தரமாட்டாங்க. ஊர்லேருந்து கொண்டுவந்த சீட்டுக்கு இந்த நாட்டு ஸ்டாண்டர்ட் லேபிள் இருக்காது, அது இங்க செல்லாது. மாட்டினதும் பெல்ட் போற இடத்துல கையை வெச்சு இழுத்துப் பாருங்க, ஒரு இஞ்சுக்கு மேல ஆடக் கூடாது. தோள்பட்டை வார் குழந்தையோட தோள் மட்டத்துலயோ கொஞ்சம் கீழயோ கிளம்பணும், மார்பு கிளிப் அக்குள் உயரத்துல இருக்கணும். வாரை விரலால கிள்ளினா மடிப்பு வரக் கூடாது. கீழ இருக்குற கொக்கி, இல்லேன்னா சீட் பெல்ட், ரெண்டுல ஒண்ணுதான். ரெண்டையும் போட்டா கூடுதல் பாதுகாப்புன்னு நினைக்காதீங்க, பெரும்பாலான சீட்டுக்கு மேனுவலே வேண்டாம்னு சொல்லும்.

சிவகாசி_சரவெடி:
இதுக்குத்தான் ஊர்ல ஒரு டெம்போ டிராவலரும் டிரைவரும் பேசி விட்டா முடிஞ்சது. இங்க கார் ஒரு காசு, அதுக்கு இன்சூரன்ஸ் ஒரு காசு, சீட்டு ஒரு காசு. வந்த புதுசுல கிரெடிட் கார்டு இல்லேன்னா, சில கம்பெனி டெபிட் கார்டை வாங்க யோசிப்பான். நாங்க வந்தப்ப இதெல்லாம் சொல்லித்தர ஒரு ஆள் கிடையாது.

பிரிட்ஜ்வாட்டர்வாசி:
அதான் பக்கத்துக் கோயில்னு சொன்னேன். யார் கேட்டா?

மெழுகுவத்தி:
வாஷிங்டன் போற எண்ணம் இருந்தா, அங்க பெரிய பசிலிக்காவுக்குள்ள வேளாங்கண்ணி மாதாவுக்கு 1997லேருந்து தனி சிற்றாலயம் இருக்கு. ரூட்டுக்குச் சம்பந்தமில்லைதான், அடுத்த லீவுக்கு வெச்சுக்குங்க.

டோல்_மாமா:
இன்சூரன்ஸ்னு பேச்சு வந்ததால சொல்றேன். கிரெடிட் கார்டுல கவர் இருக்குன்னு நம்பி எல்லாத்தையும் வேண்டாம்னு சொல்லிடாதீங்க. கார்டு பார்த்துக்குறது நீங்க எடுத்த கார் சேதத்தை மட்டும். எதிராளி காருக்கும் அவன் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வராது. உங்களுக்குன்னு சொந்தக் கார் பாலிசி இல்லாத வரைக்கும் லயபிலிட்டி கவர் கட்டாயம் எடுங்க. மனைவியும் ஓட்டுவாங்கன்னா அவங்க பேரையும் காண்ட்ராக்ட்ல ஏத்திடுங்க. பேர் ஏறாதவர் ஓட்டி இடிச்சா கவர் நிக்காமப் போகலாம்.

மலைக்கோட்டை77:
சரி, அவர் கேட்ட கேள்விக்கு வருவோம். கனடாவுக்குள்ள போக இந்திய பாஸ்போர்ட்டுக்கு கனடா விசா வேணும், அமெரிக்க விசா அதுக்கு ஈடாகாது. கிரீன் கார்டு இருந்தா மட்டும் விலக்கு. சரவெடி சொன்ன 30 நாள் கணக்கு, ஸ்டாம்ப் காலாவதியாகி ஐ-94 (உள்ள வந்ததுக்கான பதிவு) செல்லுபடியா இருக்குறவங்க அமெரிக்காவுக்குள்ள திரும்பி வர்றதுக்கான விதி. கனடாக்காரன் உள்ள விடுறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வீட்ல யாருக்காவது ஸ்டேட்டஸ் மாத்த விண்ணப்பம் நிலுவைல இருந்தா, நாட்டை விட்டு வெளிய போனதுமே அது கைவிட்டதா ஆகிடும். சனிக்கிழமைக்குள்ள விசா கிடைக்காது, அதனால கனடாவை மறந்துடுங்க.

அமெரிக்கப் பக்கம் தாராளமா போகலாம். ஸ்டேட் பார்க்குக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, பார்க்கிங்குக்கு மட்டும்தான். ஆனா எல்லார் பாஸ்போர்ட்டும், பிரிண்ட் எடுத்த ஐ-94ம், உங்க ஐ-797ம் (எச்1பி ஒப்புதல் கடிதம்) கையில இருக்கணும். 18 வயசுக்கு மேல உள்ள வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தைக் கூடவே வெச்சிருக்கணும்ங்கறது சட்டம், அதோட அது எல்லைப் பகுதி. ஜிபிஎஸ்ல வெறுமனே நயாகரா ஃபால்ஸ்னு அடிக்காதீங்க, பார்க்குக்குள்ள இருக்குற தீவு, கோட் ஐலண்ட்னு அடிங்க. கனடா போற ரெயின்போ பாலம் பார்க்குக்குப் பக்கத்துலயே இருக்கு. பிரிட்ஜ் டு கனடா போர்டு உள்ள லேன்ல மாட்டிக்கிட்டு பாலத்துல ஏறிட்டா நடுவுல திரும்ப முடியாது. அப்படி ஆனா பதறாம கனடா அதிகாரிகிட்ட வழி தவறிட்டோம்னு சொல்லுங்க, திருப்பி அனுப்புவாங்க. இந்தப் பக்கம் வரும்போது அந்தக் காகிதங்கள் தேவைப்படும்.

இனி நேரம். சனி காலை அஞ்சு மணிக்குக் கிளம்பினா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்தியும் ஒரு மணிக்குள்ள கோயில். நடை திறக்கும் நேரத்தைக் கோயில் வெப்சைட்ல இன்னிக்கே பாருங்க, லாங் வீக்கெண்ட்ல விசேஷ பூஜை இருந்தா வரிசை மாறும். அபிஷேகம்னா முன்பதிவு வேணும், அர்ச்சனைக்கு அங்கயே சீட்டு வாங்கலாம். சாயங்காலம் ஊருக்குள்ள போய் டுகேன் இன்கிளைன்ல ஏறுங்க, 1877லேருந்து ஓடுற மலை ரயில், மேல நின்னா மூணு ஆறும் ஒரே பார்வைல தெரியும். ராத்திரி தங்கல் மன்ரோவில்ல.

ஞாயிறு ஒன்பதுக்குக் கிளம்பி ஐ-79 வடக்க, ஈரிகிட்ட ஐ-90. நயாகரா 240 மைல்தான், ஆனா கோட் ஐலண்ட் பார்க்கிங் லீவு நாள்ல மத்தியானத்துக்குள்ள நிரம்பிடும். அதனால நேரா ஹோட்டல்ல காரைப் போட்டுட்டு நடந்தோ ட்ராலிலயோ போங்க. அருவிகிட்ட கூட்டிட்டுப் போற படகுக்கு எல்லாரும் போகலாம். கேவ் ஆஃப் த விண்ட்ஸ்ல, அருவிக்கு அடியில இருக்குற ஹரிகேன் டெக் மரத்தளத்துக்கு 42 இஞ்சு உயரம் வேணும், பாப்பாவோட ஒருத்தர் வெளிய இருக்கணும். டெர்ராபின் பாயிண்ட்ல ஹார்ஸ்ஷூ அருவி காலடியில விழும், அப்பா அம்மாவுக்கு அதுவே போதும். இருட்டினதும் விளக்கு போடுவாங்க.

திங்கள் திரும்பும்போது ஐ-390, ஐ-86, பிங்ஹாம்டன்ல ஐ-81, ஸ்க்ரான்டன் தாண்டி ஐ-380, ஐ-80. வழில கார்னிங் கண்ணாடி மியூசியம், 17 வயசு வரைக்கும் இலவசம். வாட்கின்ஸ் க்ளென் அருவிப் பள்ளத்தாக்கும் பக்கம்தான், அழகுதான், ஆனா முழுக்கப் படிக்கட்டு, முட்டி வலின்னா விட்டுடுங்க.

புதுக்குடி:
மினிவேன் கிடைச்சிடுச்சு சார், விலைதான் கூட. சீட் வாங்கக் கிளம்பிட்டோம். பெட்ரோல் போடத் தெரியாது, இங்க ஆளே வந்து போடுறாங்க.

டோல்_மாமா:
அது நியூஜெர்சில மட்டும், வெளிய நீங்களேதான். எல்லையைத் தாண்டறதுக்கு முன்னாடி ஃபுல் பண்ணிக்குங்க. அங்க பம்ப் கார்டைச் சொருகினதும் ஜிப் கோடு கேக்கும். இந்திய கார்டுக்கு எதை அடிச்சாலும் பெரும்பாலும் நிராகரிக்கும். கடைக்குள்ள போய் பம்ப் நம்பரைச் சொல்லி, முன்கூட்டியே பணம் கட்டிட்டு வந்து 87 பட்டனை (சாதாரண பெட்ரோல்) அமுத்துங்க. பச்சைப் பிடி பெரும்பாலும் டீசல், அதைத் தொடாதீங்க.

பசங்கம்மா:
போலீஸ் பின்னாடி லைட் போட்டா ஓரம் கட்டி காருக்குள்ளயே இருங்க, கை ஸ்டியரிங் மேல. ஊர்ல மாதிரி இறங்கி காகிதத்தோட அவர்கிட்ட நடந்து போகக் கூடாது. அப்பாவுக்கும் சொல்லி வைங்க, முன் சீட்ல இருக்கப் போறது அவர்தான்.